பச்சை விளக்கை நம்பலாமா?

வீடூர் அணையில் இன்று எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாராவது கேட்டால், அணைக்குச் சென்று அளவுகோலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். முழு உயரம் 32 அடி. நீர் 20 அடியில் நிற்கிறதா, 10 அடியில் நிற்கிறதா என்று தெரிந்தால் போதும். இந்தப் பருவத்துக்குப் பாசனம் தேறுமா, தேறாதா என்பதை உழவர் தாமே கணித்துக்கொள்வார். சரி, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள சோலார் பேட்டரியில் இப்போது எவ்வளவு மின்சாரம் மீதி இருக்கிறது? அதை எந்த அளவுகோலைப் பார்த்துச் சொல்வீர்கள்?

"பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது சார், அப்படியென்றால் நிறைய இருக்கிறது" என்பீர்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று சிறு விளக்குகள். சிறிய சோலார் அமைப்புகளில் வழக்கமாக நமக்குக் கிடைக்கும் செய்தி இவ்வளவுதான். இந்த விளக்குகளை நம்பித்தான் பலர் நல்ல பேட்டரியைக் கெடுக்கிறார்கள் என்பது என் கருத்து. கூடுதலாக ஒரு பலகை வாங்கும் முன், பெரிய பேட்டரி வாங்கும் முன், ஒவ்வொரு சிறு சோலார் அமைப்பிலும் ஒரு ஷன்ட்டும் அதைப் படிக்கும் மீட்டரும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த ஷன்ட் சரியான இடத்தில் இணைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால், மூன்று விளக்கு சொல்லும் பொய்யை மீட்டர் இரண்டு தசம இடத் துல்லியத்தோடு சொல்லும்!

முதலில் பச்சை விளக்கின் கதையைப் பார்ப்போம். அந்த விளக்கு அளப்பது பேட்டரியின் மின்னழுத்தத்தை, அதாவது வோல்ட்டை. 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்றைச் சில மணி நேரம் ஓய்வாக விட்டு அளந்தால், முழுமையாக நிறைந்திருக்கும்போது சுமார் 12.7 வோல்ட், பாதியில் சுமார் 12.2, காலியாகும் நிலையில் 11.8 அளவில் காட்டும். 'ஓய்வாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். பகலில் பலகை மின்னேற்றிக்கொண்டிருந்தால் பாதி காலியான பேட்டரியும் 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மாலையில் விசிறியையும் விளக்கையும் போட்டால், பெரும்பாலும் நிறைந்த பேட்டரியும் 12.3க்கு இறங்கிக் காட்டும். பேட்டரிக்கு ஓய்வு எப்போது? நம் வீடுகளில் அது ஓய்வே எடுப்பதில்லை.

இப்போது பரவிவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் நிலைமை இன்னும் மோசம். 70 சதவீதம் இருக்கும்போதும் 40 சதவீதம் இருக்கும்போதும் அதன் வோல்ட் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். வீடூர் அணையில் முழுத் தண்ணீர் இருக்கும்போது 32 அடியும், முக்கால் பங்கு வற்றிய பிறகு 31 அடியும் காட்டினால் அந்த அளவுகோலை என்ன செய்வது?

அப்படியானால் வேறு வழிதான் தேட வேண்டும். உயரத்தைப் பார்க்க முடியாத அணைக்கு, வரும் நீரையும் போகும் நீரையும் எண்ணிக் கணக்கு வைப்பதுதான் வழி. பேட்டரிக்கும் அதுவே. எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் உள்ளே சென்றது; எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் வெளியே வந்தது. இரண்டையும் பெருக்கிக் கிடைக்கும் ஆம்பியர்-மணியே பேட்டரியின் வரவு செலவுக் கணக்கு. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள கூலும் இதன் தம்பிதான். ஓர் ஆம்பியர்-மணி என்பது 3,600 கூலும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 2011ஆம் ஆண்டு தமிழக அரசு சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. 300 சதுர அடி வீடு, அதில் சூரிய ஆற்றலில் எரியும் 11 வாட் சி.எஃப்.எல். விளக்குகள் ஐந்து. ஐந்தும் எரிந்தால் 55 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதற்கு ஏறக்குறைய 4.6 ஆம்பியர் வேண்டும். மாலையில் ஐந்து மணி நேரம் எரிந்தால் 23 ஆம்பியர்-மணி. இனி இன்னொன்றைப் பாருங்கள். ஒரு சிறிய இன்வெர்ட்டர், தன்மீது எந்தச் சுமையும் இல்லாமல், சும்மா 'ஆன்' நிலையில் இருப்பதற்கே ஓர் ஆம்பியர் அளவில் எடுத்துக்கொள்ளக்கூடும். 24 மணி நேரத்துக்கு எவ்வளவு? 24 ஆம்பியர்-மணி! ஒரு வீட்டின் ஐந்து விளக்குகளும் மாலை முழுதும் எரிந்ததற்குச் சமமான மின்சாரத்தை, எந்த வேலையும் செய்யாத ஒரு பெட்டி தின்றுவிடுகிறது. பச்சை விளக்கு இதைச் சொல்லுமா?

நம் மாவட்டத்துக்குச் சூரிய மின்சாரம் புதிதன்று. வானூர் வட்டத்தில் உள்ள ஆரோவில்லில், மாத்ரிமந்திருக்காக 484 பலகைகள் கொண்ட 36.3 கிலோவாட் நிலையம் 1997லேயே அமைக்கப்பட்டது. இன்று மயிலம், ஒலக்கூர், மரக்காணம் பக்கத்துச் சிற்றூர்களில்கூடக் கூரையில் ஒரு பலகையைப் பார்க்கிறோம். பலகை வந்துவிட்டது. கணக்குப் பார்க்கும் பழக்கம்தான் வரவில்லை. இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்கிறீர்களா? 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வானம் மூடிய அந்த நாட்களில் பலகையிலிருந்தும் பெரிதாக ஒன்றும் வராது. பேட்டரியில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். செல்பேசிக்கு ஊட்டுவதா, வயதானவர்கள் படுத்திருக்கும் அறைக்கு விளக்குப் போடுவதா, எத்தனை மணி நேரம் தாங்கும்? இந்தக் கேள்விக்கு எண் வேண்டும், நிறம் போதாது.

சரி, எண்ணுவது எப்படி? நூறு ஆம்பியர் ஓடும் தடித்த கம்பியை ஒரு சின்ன மீட்டருக்குள் நுழைக்க முடியாது. அதன் பாதையில் மிக மிகச் சிறிய மின்தடை ஒன்றை வைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளக்கிறோம். ஓம் விதிதான், வேறு மந்திரம் எதுவும் இல்லை. இந்தச் சிறு தடைக்குத்தான் ஷன்ட் என்று பெயர். மேல்நிலை வகுப்பில் கால்வனாமீட்டரை அம்மீட்டராக மாற்றும் பாடத்தில் 'இணைத்தடம்' என்ற பெயரில் இதைச் சந்திப்பீர்கள். கடைகளில் கிடைக்கும் ஒரு ஷன்ட்டின் மீது '100 ஆம்பியர், 75 மில்லிவோல்ட்' என்று எழுதியிருக்கும். வகுத்துப் பாருங்கள். அதன் மின்தடை 0.00075 ஓம், ஓர் ஓமில் ஆயிரத்தில் முக்கால் பங்கு! 10 ஆம்பியர் ஓடினால் 7.5 மில்லிவோல்ட் தோன்றும். மீட்டர் அதைப் படித்து, நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகிறது.

ஷன்ட்டைச் செம்பிலேயே செய்தால் என்ன? செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். மார்கழிக் காலையிலிருந்து கத்திரி வெயில் மதியத்துக்கு வந்தால் வேறுபாடு 20 பாகைக்குக் குறையாது. அப்போது கணக்கில் 8 சதவீதம் பிழை நுழைந்துவிடும். அதனால்தான் மாங்கனின் என்ற உலோகக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். பெரும்பங்கு செம்பு, 12 சதவீதம் அளவுக்கு மாங்கனீசு, சிறிது நிக்கல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்ட் வெஸ்டன் உருவாக்கிய இந்தக் கலவையின் மின்தடை, வெப்பம் மாறினாலும் மாறுவதில்லை என்றே சொல்லலாம்.

ஷன்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் இரண்டு பெரிய போல்ட்டுகளும் இரண்டு சின்னத் திருகுகளும் இருக்கும். ஏன் நான்கு? பெரிய போல்ட்டுகள் மின்னோட்டம் செல்ல; சின்னத் திருகுகள் மின்னழுத்தத்தை அளக்க. "எல்லாம் ஒரே உலோகத் துண்டுதானே" என்று மீட்டரின் மெல்லிய கம்பியையும் பெரிய போல்ட்டிலேயே சொருகி முறுக்குபவர்கள் உண்டு. போல்ட்டும் கம்பி முனையும் தொடும் இடத்திலும் சிறிது மின்தடை இருக்கிறது. அது 0.15 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறெங்கும் அது பொருட்டே அல்ல. 0.75 மில்லி ஓம் ஷன்ட்டில் அது 20 சதவீதப் பிழை! மின்னோட்டத்துக்கு ஒரு சோடி, மின்னழுத்தத்துக்கு வேறு ஒரு சோடி என்ற இந்த அருமையான உபாயத்துக்கு நாம் கெல்வின் பிரபுவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனி இடம் பற்றிய விஷயம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நெடுஞ்சாலையில் போனால் விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடி உண்டு. அங்கே நின்று எண்ணினால், சாவடி வழியாகப் போகும் வண்டிகளை மட்டுமே எண்ண முடியும். கிராமச் சாலையில் புகுந்து சுற்றிப் போகும் வண்டி கணக்கில் வராது. பேட்டரியின் எதிர்முனைக்கும், மற்ற எல்லாவற்றின் எதிர்முனைக் கம்பிகளுக்கும் இடையே அமைக்கும் ஒரே சுங்கச்சாவடிதான் ஷன்ட். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து ஷன்ட்டுக்கு ஒரே ஒரு தடித்த கம்பி. ஷன்ட்டின் மறுபக்கத்தில்தான் சார்ஜ் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர், விளக்கு, விசிறி, செல்பேசி ஊட்டி எல்லாவற்றின் எதிர்முனைக் கம்பிகளும் சேர வேண்டும். எதிர்முனையை நிலத்தோடு இணைப்பதாக இருந்தால் அதுவும் மறுபக்கத்தில்தான். பேட்டரியின் எதிர்முனை போல்ட்டில் ஷன்ட்டுக்குப் போகும் கம்பியைத் தவிர வேறு கம்பி கூடாது. பேட்டரிகள் இரண்டோ மூன்றோ பக்க இணைப்பில் இருந்தால், அவற்றின் எதிர்முனைகளைத் தங்களுக்குள் இணைத்துவிட்டு, பிறகு ஒரே கம்பியில் வெளியே வர வேண்டும். மீட்டருக்கு உயிர் கொடுக்கும் மெல்லிய நேர்முனைக் கம்பி பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சிறு உருகி வழியாக வரட்டும். உருகியைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்; மெல்லிய கம்பி எங்காவது உரசினால் தீப்பிடிப்பதற்குள் உருகி உருகிவிடும்.

திண்டிவனம் அருகே ஒரு தையற்கடை. 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி, 200 வாட் பலகை, ஓர் இன்வெர்ட்டர். இரண்டு ஆண்டில் பேட்டரி தளர்ந்துவிட்டது. கடைக்காரர் மகன் மேல்நிலை வகுப்பு மாணவன். அவன் வற்புறுத்தலால் ஷன்ட்டுடன் கூடிய மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். மீட்டர் எப்போது பார்த்தாலும் 100 சதவீதம் காட்டியது. இரவு எட்டு மணிக்கு இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி நின்றுபோகும், அப்போதும் 100! "மீட்டர் மட்டமானது, பேட்டரியும் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்று வந்தவர் சொல்லிவிட்டார். அந்த மாணவன் என்னிடம் கேட்டபோது நான் அவனிடம் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பேட்டரியின் எதிர்முனை போல்ட்டில் எத்தனை கம்பிகள்? இரண்டு என்றான். போய்ப் பார்த்தேன். இன்வெர்ட்டரின் கம்பி ஷன்ட் வரை எட்டவில்லை என்பதால் அதை நேரே பேட்டரியிலேயே முறுக்கியிருந்தார்கள்.

என்ன நடந்திருக்கிறது என்று இப்போது உங்களுக்கே விளங்கும். பலகையிலிருந்து வரும் வரவு முழுவதும் சாவடி வழியாக வந்து எண்ணப்பட்டது. செலவில் இரண்டு சிறு எல்.இ.டி. விளக்குகள் மட்டுமே எண்ணப்பட்டன. தையல் மோட்டார் 100 வாட். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 10 ஆம்பியர். அது முழுவதும் கிராமச் சாலையில் போய்விட்டது! பாவம், மீட்டர் என்ன செய்யும்? நாள்தோறும் பாதிக்கும் கீழே வடிந்து, முழுதாக நிறையாமலே கிடந்ததால் பேட்டரித் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்களாக இறுகத் தொடங்கியிருந்தது. அப்படி இறுகியது எளிதில் திரும்பக் கரையாது. அரை மீட்டர் தடித்த கம்பியும் கால் மணி நேர ஸ்பேனர் வேலையும்தான் தேவைப்பட்டது. மறுநாளே எண்கள் அசைந்தன. வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுப் போகும் வழக்கமும் அந்தக் கடையில் வந்தது.

ஒரு சிறு புதிர்: இன்வெர்ட்டருக்குப் பதிலாகச் சார்ஜ் கன்ட்ரோலரின் எதிர்முனைக் கம்பி நேரே பேட்டரிக்குப் போயிருந்தால் மீட்டர் என்ன காட்டியிருக்கும்? வரவு எண்ணப்படாது, செலவு மட்டும் எண்ணப்படும். நல்ல வெயிலிலும் பேட்டரி நாளுக்கு நாள் வற்றுவதாகக் காட்டிக்கொண்டே போகும்.

இணைப்பு சரியா என்று பார்க்க நிபுணர் வேண்டியதில்லை. மாலையில் எல்லாவற்றையும் அணையுங்கள். மீட்டர் சுழியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 9 வாட் விளக்கு ஒன்றைப் போடுங்கள். முக்கால் ஆம்பியர் அளவுக்குக் குறை எண் தெரிய வேண்டும். ஒவ்வொரு கருவியாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எந்தக் கருவியைப் போட்டும் எண் அசையவில்லையோ, அதன் கம்பி சாவடியைச் சுற்றிப் போகிறது. மறுநாள் வெயிலில் பலகையை இணைத்தால் எண் கூட்டல் பக்கம் நகர வேண்டும். கூட்டலும் கழித்தலும் தலைகீழாக வந்தால் மெல்லிய கம்பிகள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள்.

இதற்கெல்லாம் மறுப்புச் சொல்வோர் உண்டு. ஷன்ட்டே மின்சாரத்தை வீணாக்காதா என்பார்கள். 10 ஆம்பியரில் அதன் இழப்பு 0.075 வாட். இதைப் பற்றிக் கவலைப்படுபவர் முதலில் இன்வெர்ட்டரைக் கவனிக்கட்டும். லித்தியம் பேட்டரியில் உள்ளேயே கணக்கு வைக்கும் சுற்று உண்டே என்பது அடுத்த வாதம். உண்டுதான். ஆனால் அவற்றில் பல, மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கண்டுகொள்வதில்லை. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கசிவதைத்தானே நாம் பிடிக்க வேண்டும்? செலவு என்ற வாதத்தை மட்டும் நான் எளிதாகத் தள்ள மாட்டேன். பேட்டரிக்கே கடன் வாங்குபவரிடம் மீட்டரும் வாங்கு என்பது எளிதல்ல. ஆனாலும் மீட்டரின் விலை ஒரு புதிய பேட்டரி விலையில் சிறு பங்குதான். அது பேட்டரியின் ஆயுளை ஓராண்டு நீட்டித்தாலே போட்ட பணம் திரும்பிவிடும். அரசுத் திட்டங்களில் பலகையோடும் பேட்டரியோடும் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும் என்பேன்.

ஓர் எச்சரிக்கை. 12 வோல்ட்தானே என்று அலட்சியமாகக் கை வைக்காதீர்கள். உடம்பில் அதிர்ச்சி தராது என்பது உண்மை. ஆனால் 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும், இரும்பு சிவந்துவிடும். ஈய அமில பேட்டரி ஹைட்ரஜனையும் வெளிவிடும் என்பதால் பொறி ஆகாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டே செய்யுங்கள். முதலில் பலகையைப் பிரிக்க வேண்டும், பிறகு சுமைகளை, கடைசியில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை. திரும்ப மாட்டும்போது பேட்டரி முதலில், பலகை கடைசியில். இன்வெர்ட்டரின் 230 வோல்ட் பக்கத்தை நீங்கள் தொடவே வேண்டாம்.

சரியாக இணைத்த மீட்டரும் தவறே செய்யாது என்று எண்ண வேண்டாம். ஒன்றும் ஓடாதபோதும் அது 0.05 ஆம்பியர் என்று எண்ணிக்கொண்டிருந்தால், 24 மணி, 30 நாள் என்று பெருக்குங்கள்: மாதத்துக்கு 36 ஆம்பியர்-மணி பொய்க் கணக்கு! ஆகவே அவ்வப்போது சுழியத்தைச் சரிபார்க்க வேண்டும். பேட்டரி உண்மையிலேயே நிறையும் நாளில் கணக்கை 100 சதவீதத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும். ஈய அமில பேட்டரியில் உள்ளே போன ஆம்பியர்-மணி அத்தனையும் திரும்பி வராது. பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூடக் கழிந்துபோகலாம். அதையும் மீட்டரில் குறித்துவைக்க வேண்டும்.

இந்த வேலையை உங்கள் பள்ளி அறிவியல் மன்றமே ஏற்கலாமே! கூரையில் பலகையும் அறையில் பேட்டரியும் உள்ள பள்ளிகளில் அந்த அறை பெரும்பாலும் பூட்டியே இருக்கும். சாவி யாரிடம் என்று கேட்பதுதான் முதல் வேலை. பிறகு பேட்டரியின் எதிர்முனையில் எத்தனை கம்பிகள் என்று எண்ணுங்கள். மீட்டர் இருந்தால் காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் எண்ணைக் குறித்துவாருங்கள்: தேதி, ஆம்பியர், மீதமுள்ள ஆம்பியர்-மணி, வானம் தெளிவா மூட்டமா. மூன்று மாதக் குறிப்பேடு கையில் இருந்தால் தலைமையாசிரியரிடம் போய்ப் பேசலாம்: புதிய பேட்டரிக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமா, அல்லது மாலையில் கிளம்பும்போது இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைத்தால் போதுமா என்று.